கொக்குகள் ஏன் ஏரிக்குப் போகவில்லை

புதிதாக வந்த பெரிய டாக்டரம்மாவின் காலடியில் மீன் விழுந்த அந்தக் காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மார்கழி தொடங்கியிருந்தது. லேசாகத் தூறிக்கொண்டிருந்ததால், பொறுப்பேற்க வருகிறவரை வரவேற்க ஆஸ்பத்திரி வாசலையொட்டிய மரத்தடியில் ஒதுங்கி நின்றிருந்தோம். காரில் வருவார் என்று எல்லோரும் சாலையையே பார்த்துக்கொண்டிருக்க, அவர் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்துவிட்டார், தோளில் ஒரு துணிப்பையோடு. தலைமை நர்ஸ் அவசரமாக மாலையை நீட்டினார். டாக்டரம்மா தலையைக் குனிந்தபோது மேலிருந்து சொத்தென்று ஏதோ விழுந்தது. விரல் நீளத்துக்கு ஒரு கெண்டை மீன். வால் பக்கம் முழுசாக இருந்தது, தலைப் பக்கம் பாதி கரைந்திருந்தது. "மன்னிச்சுக்கங்க மேடம், இங்க இதுதான் பெரிய தொல்லை" என்று தலைமை நர்ஸ் பதறினார். டாக்டரம்மா மாலையை மறந்துவிட்டார். முதலில் மீனைக் குனிந்து பார்த்தார், பிறகு அண்ணாந்து பார்த்தார். "அடேயப்பா, இவ்வளவு கொக்கா! எல்லாம் இங்கயேவா குடியிருக்கு?" என்றார். நாங்களும் அண்ணாந்து பார்த்தோம். அப்படி ஒரு கேள்வியை அதுவரை எங்களிடம் யாரும் கேட்டதில்லை.

நான் அந்த ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். தஞ்சாவூரிலிருந்து திருவாரூர் போகிற வழியில் வயல்களுக்கு நடுவே இருக்கும் சின்ன ஊர் எங்களுடையது. ஆஸ்பத்திரியை ஒட்டினாற்போல் பஸ் ஸ்டாண்டு, அதைத் தாண்டினால் கடைத்தெரு, கடைத்தெரு முடிகிற இடத்தில் வயல். வெளிநோயாளிப் பிரிவுக்கும் பிரசவ வார்டுக்கும் இடையில் இரண்டு தூங்குமூஞ்சி மரங்கள் நின்றன. இரண்டும் மேலே கைகோத்துக்கொண்டு அந்த முற்றம் முழுவதையும் மூடியிருந்தன. புரட்டாசியில் வெள்ளைக் கொக்குகள் குச்சியைத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பிக்கும். அதன்பின் நீர்க்காகங்களும் வக்காக்களும் வரும். வக்கா என்பது சாம்பல் நிறத்தில், கழுத்தே இல்லாததுபோல் குந்தியிருக்கும் நாரை வகை. பகலெல்லாம் தூங்கிவிட்டு, பொழுது சாயும்போது "வக், வக்" என்று கத்திக்கொண்டு இரைக்குக் கிளம்பும். தை பிறக்கும்வரை முற்றம் முழுக்க மீன் கவிச்சையும் சுண்ணாம்பு தெளித்ததுபோல் எச்சமுமாக இருக்கும். நோயாளிகளோடு வருகிறவர்கள் வெயிலடித்தாலும் குடை விரித்துத்தான் அந்த முற்றத்தைக் கடப்பார்கள். என் லேப் ஜன்னலை அந்த மாதங்களில் திறந்ததே கிடையாது. உள்ளூர்க்காரியான எனக்குக் கொக்கு என்றால் அவ்வளவுதான், கழுவிவிட வேண்டிய ஒன்று.

டாக்டரம்மாவுக்கு அப்படியில்லை. அவர் விருதுநகர்ப் பக்கத்துக் கரிசல் ஊர்க்காரர். தண்ணீர் லாரியில் வரும், அதைக் குடம் வைத்துப் பிடிக்க வேண்டும் என்று வளர்ந்தவர். எங்கள் ஊர் வாய்க்காலில் தண்ணீர் சும்மா ஓடிக்கொண்டிருப்பதையே முதல் வாரம் நின்று நின்று பார்த்தார். என்னைவிட ஓரிரு வயது மூத்தவராக இருப்பார். தனியாகத்தான் இருந்தார், ஆஸ்பத்திரிக் குடியிருப்பில். மாலையில் டீ குடிக்க லேபுக்கு வருவார். ஒருநாள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே, "நீங்க உள்ளூர்தான, ஒண்ணு கேக்கணும்" என்று ஆரம்பித்தார். "நேத்து ஏரிப் பக்கம் போய்ட்டு வந்தேன். கடல் மாதிரி தண்ணி. நடுவுல திட்டு திட்டா கருவேல மரம். ஒரு சத்தம் கிடையாது, ஆள் கிடையாது. மீனும் அங்கதான் இருக்கு. அதை விட்டுட்டு இதுங்க ஏன் பஸ் ஹாரனுக்கும் ஆம்புலன்ஸ் சத்தத்துக்கும் நடுவுல வந்து முட்டையிடுது?"

நான் அந்த ஏரிக்கரையில் ஆயிரம் தடவை போயிருப்பேன். எங்கள் மாதா கோயில் திருவிழாவுக்கு அந்த வழியாகத்தான் போவோம். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. "பழக்கம்தான் மேடம்" என்றேன். "யாருக்கு, அதுக்கா, நமக்கா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

அவர் பிறகு பார்க்கிறவர்களையெல்லாம் கேட்க ஆரம்பித்தார். ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே நோயாளியிடம் கேட்பார், கை அதுபாட்டுக்கு வேலையைச் செய்யும். ஒவ்வொருவரிடமும் ஒரு காரணம் இருந்தது. ஏரி மரத்தில் முள் இருக்கிறது, குஞ்சுக்குக் குத்தும் என்றார் வாட்ச்மேன். பிரசவ வார்டு ஆயாம்மா, "புள்ளை பெக்குற எடம்னு அதுக்குத் தெரியும்மா" என்று உறுதியாகச் சொன்னார். ஏரியில் ராத்திரி வலை போட்டுக் கொக்குப் பிடிக்கிறார்கள், கவர்மெண்டு காம்பவுண்டுக்குள் வர பயப்படுவார்கள் என்றார் சர்க்கரை மாத்திரை வாங்க வந்த கண்டக்டர் ஒருவர். எல்லாவற்றையும் டாக்டரம்மா ஒரே கவனத்தோடு கேட்டுக்கொண்டார். எதையும் தள்ளவில்லை, எதையும் ஒத்துக்கொள்ளவும் இல்லை. "முள்ளுன்னா சொல்றீங்க? ஆனா ஏரில அதே முள் மரத்துல உண்ணிக்கொக்கு உக்காந்திருக்கே?" என்று வாட்ச்மேனோடு வாதாடியது ஞாபகம் இருக்கிறது.

அந்த மார்கழியில் ஒருநாள் அவர் என்னைப் பிரசவ வார்டின் மாடி நடைக்கு அழைத்துப்போனார். அங்கே நின்றால் கூடுகள் கண்ணுக்கு நேராக இருக்கும். இத்தனை வருஷம் வேலை பார்த்தும் நான் அங்கிருந்து பார்த்ததில்லை. கீழேயிருந்து எல்லாம் ஒரே குப்பையாகத்தான் தெரியும். மேலேயிருந்து பார்த்தபோது அது ஒரு தெரு. உச்சிக் கிளைகளில் நீர்க்காகங்கள், அதற்குக் கீழே வெள்ளைக் கொக்குகள், இலை அடர்ந்த உட்புறத்தில் வக்காக்கள். ஒரு கொக்கு அந்தப் பக்கம் திரும்பினால் போதும், பக்கத்து வீட்டுக் கொக்கு அதன் கூட்டிலிருந்து ஒரு குச்சியை உருவிக்கொள்ளும். திரும்பி வந்தது கத்தும், திருடியது ஒன்றும் தெரியாததுபோல் வேறெங்கோ பார்க்கும். ஒரு வக்காவின் கூட்டில் வெளுத்த பச்சை நிறத்தில் முட்டைகள் இருந்தன. பக்கத்துக் கூட்டுக் குஞ்சுகள் தலைமயிர் சிலிர்த்துக்கொண்டு, எண்ணெய் வைக்காத பிள்ளைகள்போல் இருந்தன. எங்களுக்குப் பின்னால் வார்டில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. மரத்தில் ஒரு பறவையும் அசையவில்லை. "பாத்தீங்களா?" என்றார் டாக்டரம்மா. "இந்தச் சத்தம் அதுக்குச் சத்தமே இல்ல. அப்ப எதுதான் அதுக்குச் சத்தம்?"

அடுத்த வருஷம் புரட்டாசியில் முதல் கொக்கு குச்சியோடு வந்து இறங்கியபோது அவர் வெளிநோயாளி வரிசையை விட்டுவிட்டு வெளியே வந்து பார்த்தார். ஆனால் அந்த வருஷம் பறவைகள் முன்னைவிட நிறைய வந்தன, தொல்லையும் கூடியது. ஆஸ்பத்திரிக்கு எதிர்த்தெருவில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இருந்தார். ஓட்டு வீடு, வாசலில் ஒரு கிணறு. காற்று அடிக்கிற திசையில் அவர் வீடு இருந்ததால் எச்சமும் இறகும் கவிச்சையும் அவருக்குத்தான் அதிகம். அவர் மனைவி காயப்போட்ட துணியை ஒரு நாளும் ஒரே தடவை துவைத்து எடுத்ததில்லை. வாத்தியார் தெருவில் கையெழுத்து வாங்கி, மரங்களை வெட்டச் சொல்லி மனு கொடுத்தார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. டாக்டரம்மாவும் அதை ஒத்துக்கொண்டார். "உங்க கஷ்டம் எனக்குத் தெரியுது சார். குஞ்சு பறக்கறவரைக்கும் டைம் குடுங்க" என்றார். "குஞ்சு பறந்தா அடுத்த வருஷம் அதுவும் சேந்து வரும் டாக்டர்" என்றார் வாத்தியார். மனுவைப் பார்த்துவிட்டு மேலதிகாரி ஒருவர் வந்தார். மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டே முற்றத்தைச் சுற்றினார். பொங்கல் கழிந்ததும் இரண்டு மரங்களையும் எடுத்துவிட வேண்டும் என்று முடிவாயிற்று. டாக்டரம்மா நடைபாதைக்குத் தகரக் கூரை போட்டார், குடிநீர்த் தொட்டிக்கு மூடி போட்டார். அதற்குமேல் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அந்த ஐப்பசிக் கடைசியில்தான் ஒருநாள் முழுக் கடையடைப்பு நடந்தது. பஸ் ஓடவில்லை. டீக்கடை கூடத் திறக்கவில்லை. நோயாளிகள் யாரும் வராததால் வெளிநோயாளிப் பிரிவு காலியாகக் கிடந்தது. வீட்டிலிருந்து சைக்கிளில் வந்து சேர்ந்த நான் லேபில் சும்மா உட்கார்ந்திருந்தேன். திடீரென்று மரத்தில் பெரிய கூச்சல். ஓடிப்போய்ப் பார்த்தால் டாக்டரம்மா ஏற்கெனவே மாடி நடையில் நிற்கிறார். ஒரு பருந்து மரத்துக்குள் புகுந்து குஞ்சைக் காலில் தூக்கிக்கொண்டு போனது. கொஞ்ச நேரத்தில் திரும்பவும் வந்தது. காக்காய்களும் கூட்டமாக வந்து முட்டையைக் குத்தின. அந்த முற்றத்தில் பருந்து இறங்கி நான் பார்த்ததே இல்லை. நான் கைதட்டிக் கத்தினேன். டாக்டரம்மா கீழே இறங்கிவந்து, காலியான முற்றத்தில் நின்று சுற்றிலும் பார்த்தார். அவர் முகம் பளிச்சென்று மாறியது.

"நாமதான்" என்றார். "வேற ஒண்ணுமில்ல. ஜனம் இருக்கற எடத்துக்குப் பருந்து வராது. இதுங்க நம்மள காவலுக்கு வச்சிருக்குங்க. நமக்குத்தான் தெரியல."

அன்று முழுவதும் அவர் பிடிபடாத நோய் ஒன்றைக் கண்டுபிடித்த டாக்டர்போல் உற்சாகமாக இருந்தார். வாத்தியாரிடம் போய்ச் சொன்னார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்ல காரணம்தான் டாக்டர். ஆனா நான் காவலுக்குச் சம்மதிக்கலையே" என்றார். டாக்டரம்மா அதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

பொங்கல்வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. கார்த்திகையில் புயல் வந்தது. எங்கள் பக்கத்தில் அந்தப் புயலைப் பற்றி யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள், நான் அதிகம் சொல்லப்போவதில்லை. விடிந்து காற்று அடங்கியதும் சாலையெல்லாம் தென்னை மட்டையும் மின்கம்பமுமாகக் கிடக்க, நான் ஏறி இறங்கி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தேன். வாசலில் வானம் தெரிந்தது. அந்த இடத்தில் நான் வானத்தைப் பார்த்ததே கிடையாது. இரண்டு மரங்களும் வேரோடு சாய்ந்திருந்தன. ஒன்று பழைய கிடங்கின் மேல், இன்னொன்று முற்றத்தின் குறுக்கே. யார் மேலும் விழவில்லை. தரை முழுக்கச் செத்த பறவைகள். பெரிதும் சின்னதுமாக, ஈரத் துணியைக் கசக்கி எறிந்ததுபோல. அதையெல்லாம் நின்று பார்க்க யாருக்கும் நேரமில்லை. ஓடு விழுந்து தலை உடைந்தவர்கள், கால் முறிந்தவர்கள், வலி எடுத்த கர்ப்பிணிகள் என்று கட்டிலிலும் தரையிலும் ஆட்கள். கரண்டு இல்லை. டாக்டரம்மா ஜெனரேட்டர் டீசலைப் பிரசவ அறைக்கும் தையல் போடும் அறைக்கும் மட்டும் ஒதுக்கினார். நான் ஜன்னல் வெளிச்சத்தில் ரத்த வகை பார்த்தேன். முந்தைய சாயங்காலத்திலிருந்து அவர் உட்காரவில்லை என்று ஆயாம்மா சொன்னார்.

மறுநாள்தான் அதைக் கவனித்தோம். முற்றத்தின் குறுக்கே விழுந்த மரத்தின் கிளைகளில் சில கூடுகள் சரிந்த நிலையில் அப்படியே இருந்தன. அவற்றிலும், ஒடிந்த கிளைகளைப் பற்றிக்கொண்டும், வளர்ந்த குஞ்சுகள் உயிரோடு இருந்தன. தாய்ப் பறவைகள் வந்து இடுப்பளவு உயரத்தில், மனிதர்கள் தொடுகிற தூரத்தில், நின்று மீனைக் கக்கி ஊட்டிக்கொண்டிருந்தன. வழியை மறித்த மரத்தை அறுக்க மெஷின் ரம்பத்தோடு ஆட்கள் வந்துவிட்டார்கள். டாக்டரம்மா தையல் போட்ட கையோடு வெளியே வந்தார்.

"ஸ்ட்ரெச்சர் போற அளவுக்கு மட்டும் அறுங்க. மத்ததை இப்ப தொடாதீங்க" என்றார்.

"மேடம், மறுபடி ஒரு தடவை எங்களால வர முடியாது. ஊர் முழுக்க மரம் கெடக்கு" என்றார் ரம்பக்காரர்.

"வராட்டி பரவாயில்லைங்க. அது கெடக்கட்டும்."

வழி கிடைத்தது, மீதி மரம் கிடந்தது. ஆனால் குஞ்சுகளுக்குப் புது ஆபத்து வந்தது. பருந்துக்கு எட்டாத குஞ்சுகள் இப்போது நாய்க்கு எட்டின. வீடில்லாமல் அலைந்த நாய்களெல்லாம் அங்கே கூடின. டாக்டரம்மா ஜன்னல் வழியாக அதைப் பார்ப்பார், கண்ணை எடுத்துக்கொண்டு அடுத்த நோயாளியிடம் போவார். அவருக்கு அப்போது வேறு வழியில்லை, எங்களுக்கும் இல்லை. அன்று மத்தியானம் நான் ரத்தக் குழாய்களை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனபோது, உடைந்த டிரிப் ஸ்டாண்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எதிர்த்தெரு வாத்தியார். அவர் வீட்டுக் கூரை முழுக்கப் போய்விட்டது. மனைவிக்கு இடுப்பில் அடி, பெண்கள் வார்டில் சேர்த்திருந்தார்கள். அவருக்கு இருக்க இடமில்லாததால் ஆஸ்பத்திரியிலேயே தங்கியிருந்தார்.

"சார், நீங்களா?" என்றேன்.

"என்னம்மா பண்றது. மேல இருந்தவரைக்கும் அது பாடு, என் பாடு. இப்ப காலடியில வந்து விழுந்துருச்சு. நாய் கவ்விட்டுப் போறதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க முடியுதா?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "மனு மனுதான். அதை நான் வாபஸ் வாங்கப்போறதில்ல, டாக்டர்கிட்ட சொல்லிடு" என்றார்.

நான் போய்ச் சொன்னேன். புயலுக்குப் பிறகு டாக்டரம்மா முதல்தடவையாகச் சிரித்தார். சிரித்தவர் அப்படியே சுவரில் சாய்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் பக்கத்தில் நின்றேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு வார்டுக்குப் போனார்.

வாத்தியாருக்கு மாற்றாக வேறு சிலரும் உட்கார்ந்தார்கள். வார்டில் சும்மா இருந்த ஆண்கள், பேரப்பிள்ளை பிறக்கக் காத்திருந்த தாத்தாக்கள். எல்லாக் குஞ்சும் பிழைக்கவில்லை. பிழைத்தவை மார்கழி முடிவதற்குள் ஒவ்வொன்றாகச் சுவர்மேல் ஏறின, அங்கிருந்து தகரக் கூரைக்கு, அங்கிருந்து வயலுக்கு. ஒரு காலை மரம் காலியாக இருந்தது. அதன்பின் அதையும் அறுத்து எடுத்துப்போனார்கள். சித்திரையில் டாக்டரம்மாவுக்குத் தெற்கே மாறுதல் வந்தது. கிளம்புகிற அன்று முற்றத்தின் வெறும் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றவர், "புரட்டாசில எங்க போகும்னு பாத்துச் சொல்லுங்க. ஏரிக்குப் போகாது. ஜனம் இருக்கற எடமாத்தான் பாக்கும்" என்றார்.

புரட்டாசியில் வாரத்துக்கு ஒரு தடவை போன் செய்வார். நலம் விசாரிப்பதற்கு முன்னாலேயே, "வந்துருச்சா?" என்பார். எனக்கும் அந்தக் கேள்வி ஒட்டிக்கொண்டுவிட்டது. வேலை முடிந்து போகும்போது கோயில் புளியமரம், பள்ளிக்கூடத்து ஆலமரம், எங்கள் மாதா கோயில் வளாகம் என்று ஒவ்வொன்றாக அண்ணாந்து பார்த்துக்கொண்டே போவேன். எதிலும் இல்லை. ஐப்பசி பாதியில் பஸ் ஸ்டாண்டில் திருவாரூர் வண்டிக்கு நின்றிருந்த என் மேல் ஒரு குச்சி விழுந்தது. டீக்கடைக்கு மேலே புயலில் தலை முறிந்து மறுபடி துளிர்த்திருந்த வேப்பமரம். அந்தக் கொஞ்சம் இலைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு அத்தனையும் இருந்தன. ஊரிலேயே அதிக இரைச்சல் அங்கேதான். அங்கேயே நின்று போன் செய்தேன். "சொன்னேன்ல!" என்று அவர் கத்தியது டீக்கடைக்காரருக்கே கேட்டிருக்கும்.

அதற்கடுத்த வருஷம் அந்த வேப்பமரத்தை யாரும் வெட்டவில்லை, கிளை கழிக்கவில்லை. பஸ்ஸும் ஜனமும் முன்போலவே இருந்தன. ஆனால் ஒரு கொக்குகூட வரவில்லை. எல்லாம் ஏரிக்குப் போய்விட்டிருந்தன, நடுத் திட்டிலிருந்த முள் மரங்களுக்கு. இதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தயக்கமாக இருந்தது. கடைசியில் போனில் சொல்லிவிட்டேன். "அப்படியா! ஏரிக்கா?" என்றார். அந்தக் குரலில் ஏமாற்றம் இல்லை. தீபாவளி லீவுக்கு ரயில் டிக்கெட் போட்டுவிட்டேன் என்று அன்று சாயங்காலமே மறுபடி கூப்பிட்டார்.

இப்போது ஆஸ்பத்திரி முற்றத்தில் புதுக் கட்டடம் நிற்கிறது. தரை முழுக்க டைல்ஸ். என் லேப் ஜன்னல் வருஷம் முழுக்கத் திறந்திருக்கிறது. தீபாவளிக்கு வந்த டாக்டரம்மா அதையெல்லாம் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றார், உண்மையாகவே. வாத்தியாரைப் போய்ப் பார்த்தோம். தகரக் கூரை போட்ட வீட்டில் மனைவியைக் கைபிடித்து நடக்கவைத்துக்கொண்டிருந்தார். பிறகு ஏரிக்கரைக்குப் போனோம். தூரத்துத் திட்டில் மரங்கள் வெள்ளை வெளேரென்று இருந்தன. கரையில் காற்றைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. அவர் அந்தத் திட்டையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இங்க பருந்து வராதா? வலை போடறவங்க என்ன ஆனாங்க? பஸ் ஸ்டாண்டுல என்ன குறை?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

ஆடு ஓட்டிக்கொண்டு வந்த அம்மா ஒருவர் எங்களைப் பார்த்து நின்றார். "பஸ் ஸ்டாண்டுல இருந்ததுங்க எல்லாம் இங்க வந்துருச்சும்மா. ஏன்னு தெரியுமா?" என்றார்.

"தெரியலைங்க. நானும் ஒரு காரணம் சொல்லிக்கிட்டிருந்தேன், அது தப்பாப் போச்சு" என்றார் டாக்டரம்மா. "நீங்க என்ன நினைக்கிறீங்க?"

அந்த அம்மாவை அப்படி யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. வெட்கத்தோடு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "நான் சொன்னா நீங்க சிரிக்கக் கூடாது" என்றார். டாக்டரம்மா பையைத் தரையில் வைத்துவிட்டு அவர் பக்கம் நன்றாகத் திரும்பி நின்றார். ஆடுகள் வரப்பில் இறங்கி மேய ஆரம்பித்தன. தஞ்சாவூர் போகிற எங்கள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நான் அதைச் சொல்லவில்லை.